மாப்பிள்ளை இல்லாத கல்யாண வீடியோ

தமயந்தி அக்கா லிஃப்டில் ஏற மாட்டாள். போன் இரண்டு தடவைக்கு மேல் அடித்தால் அவள் கை தானாக நெஞ்சுக்குப் போகும். ரோட்டைக் கடக்க யாராவது துணை வரும்வரை ஓரமாக நின்று, அவர்கள் பின்னாலேயே ஓடுவாள். வயது நாற்பத்தெட்டு. என் பெரியப்பாவின் மூத்த மகள். நான்கு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் போன ஜனவரியில் நான் பெங்களூர் திரும்பியபோது, காக்ஸ் டவுனில் அவளும் அவள் தங்கை ரூபினியும் குடியிருக்கும் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் என்று சொல்லி வந்தேன். இந்தச் சம்பவம் நடந்தபோது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

பெரியப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகள் குலுங்கும். குலுங்கும்போதெல்லாம் அக்கா பாத்திர அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். அப்பா ஷிஃப்ட் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுப்பாளாம். சுரங்கம் மூடிய பிறகு, விடிவதற்கு முன் கிளம்பும் ரயிலில் தினமும் பெங்களூர் வந்து, சிவாஜி நகரில் கிளிஃபர்ட் என்பவரின் ஸ்டுடியோவில் வீடியோ மிக்ஸிங் கற்றுக்கொண்டாள். கேமராமேன் எடுத்து வந்த கல்யாணத்தை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மணப்பெண்ணின் முகத்தை ரோஜாப்பூவுக்குள் வைத்து டிவிடியாக்கித் தரும் வேலை. பதினாறு வருஷத்தில் ஆயிரம் கல்யாணமாவது பார்த்திருப்பாள். அவளுக்கு மட்டும் நடக்கவில்லை. அம்மா இறந்தபோது ரூபினிக்குப் பதினொரு வயது. அவளைப் படிக்கவைப்பதிலேயே வருஷங்கள் போய்விட்டன.

டிவிடியும் போய், ஸ்டுடியோவும் மூடிய பிறகு, அக்கா வீட்டு நடு அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, டிஸ்க்குகளைக் காப்பி செய்து தருகிறாள். இப்போது வருகிற லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லை. பீரோக்களில் கிடக்கும் கல்யாணங்கள், காது குத்தல்கள், சினிமாப் பாட்டுத் தொகுப்புகள் எல்லாம் அவளிடம் டிஸ்க்காக வந்து பென் டிரைவாகத் திரும்பிப் போகும். வந்த அன்றே காப்பி எடுத்துவிடுவாள். ஒருவர் டிஸ்க் இன்னொருவருடையதோடு கலந்துவிடும் என்ற பயத்தில், ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு துண்டுக் காகிதத்தில் சொந்தக்காரர் பெயரும் ஊரும் எழுதி ஒட்டுவாள். இன்னொரு வழக்கமும் உண்டு. டிஸ்க்கில் என்ன பார்த்தாலும் வெளியே சொல்ல மாட்டாள். நான் ஏதாவது கிளறினால், "நம்பிக் குடுத்துட்டுப் போறாங்க. நான் பாக்கறேன், ஆனா பாக்கல" என்பாள்.

ரூபினிக்கு முப்பத்து நான்கு வயது. பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. ஏப்ரலில் அவளுக்கு ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை முகேஷ், வயது முப்பத்தொன்பது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் கார்களுக்குச் சூப்பர்வைசர். அப்பா அம்மா இல்லை, மாமா ஒருவர்தான் வந்து பேசி முடித்தார். சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம் என்றார்கள். "தங்கச்சிங்க ரெண்டு பேரையும் கரை சேக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடுச்சு" என்று அவர் சொன்னபோது அக்காவின் கண் கலங்கியது. அது அவள் கதையும்தானே. மெதுவாகப் பேசுவார். கேட்டுக்கு வெளியிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வருவார். எங்கள் எல்லாருக்கும் பிடித்திருந்தது. எனக்கும்.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, ஆனேக்கல்லிலிருந்து பச்சைமுத்து என்ற பெரியவர் ஒரு துணிப்பையோடு வந்தார். ஃபேக்டரி ஒன்றில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பையில் இரண்டு டிவிடி.

"மூணு இருந்துச்சும்மா. மொதல் டிஸ்க்கு, பேரெல்லாம் போடுவாங்களே, அது போச்சு. இதுல மாப்ள வேணாம்."

"புரியலீங்களே ஐயா."

"மாப்ள வேணாம்மா. அவன் மொகம், கையி, சட்ட, ஒண்ணும் இருக்கக் கூடாது. மத்தவங்க எல்லாம் இருக்கணும். எம் பையன் ரிசெப்ஷன்ல டான்ஸ் ஆடுவான். அவன் செத்துட்டான். அவன் ஆடறது இதுல மட்டும்தான் கீது. எம் பொண்ணு பாக்கணும்ன்றா. ஆனா அந்த ஆள் வந்தா அவளால பாக்க முடியாது."

அக்கா அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். "மாப்ளையத் தூக்கிட்டா கல்யாண வீடியோல சாம்பார் வாளிதான் ஐயா மிச்சம் இருக்கும்."

"சாம்பாரே இருக்கட்டும்மா" என்றார் அவர். சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா அந்த வேலைக்கு உட்கார்ந்தாள். ரூபினி பள்ளிக்குப் போயிருந்தாள். மற்றக் கல்யாணங்களில் அக்காவின் கண் மணப்பெண்மேல்தான் இருக்கும். ஒருவனை நீக்க வேண்டுமென்றால் அவன் எங்கே நிற்கிறான், எப்போது உள்ளே வருகிறான் என்று ஒவ்வொரு நொடியும் அவனையே பார்க்க வேண்டும். அப்படி இரண்டு மணி நேரம் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்த பிறகு என்னைக் கூப்பிட்டாள். 

"இங்க வா. இந்த ஆள எங்கனா பாத்திருக்கியா?"

ஒல்லியான ஆள். கனத்த மீசை. முகமெல்லாம் பவுடர். தெரியாது என்றேன்.

"மொகத்த வுடு. கையப் பாரு."

கேமராமேன் கை கோத்துக்கச் சொல்கிறார். மாப்பிள்ளை பெண்ணின் விரல்களைத் தொடவில்லை. மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கிறான். கட்டைவிரல் உள்பக்கமாக அழுந்துகிறது. வளையல்கள் மேலே ஏறி நிற்கின்றன. அக்கா வேறொரு இடத்துக்கு ஓட்டினாள். அங்கேயும் மணிக்கட்டு. கேக் வெட்டும்போதும் மணிக்கட்டு.

"நிச்சயதார்த்தத்துல நீ போன்ல எடுத்தியே, அதப் போடு" என்றாள்.

போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் போட்டேன். ரூபினி சிரித்துக்கொண்டு கேக் வெட்டுகிறாள். முகேஷின் கை அவள் மணிக்கட்டைச் சுற்றி இருக்கிறது. கட்டைவிரல் உள்பக்கம். அன்றைக்கு நான் இதைப் பக்கத்தில் நின்று எடுத்தவள். அழகாகத்தான் தெரிந்தது.

அக்கா இரண்டு படத்தையும் நிறுத்தி, இடது காதைப் பெரிதாக்கி, திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மீசை போயிருந்தது, முன்மண்டையில் வழுக்கை ஏறியிருந்தது, கண்ணாடி வந்திருந்தது. காதின் மேல் வளைவில் இருந்த சின்ன வெட்டு மட்டும் இரண்டிலும் அப்படியே இருந்தது.

"அண்ணன் தம்பியா இருக்கலாம்க்கா."

"அவருக்குத் தங்கச்சிங்கதானே." அக்கா முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்தாள். "நான் தப்பா பாத்திருந்தா? இத்தினி வருஷம் கழிச்சு அமைஞ்சது. ரூபினி இன்னா சொல்லுவா தெரியுமா? உனக்கு ஆகல, எனக்கும் ஆகக் கூடாதான்னுவா. ஒரு வாட்டி அந்த வார்த்த வந்துடுச்சுன்னா அப்பறம் நான் இந்த வூட்ல எப்டி இருக்கறது?"

அப்போதுதான் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். முகேஷ் நின்றிருந்தார், கையில் பத்திரிகைக் கட்டு.

"ப்ரிண்டிங் சீக்கிரமே முடிஞ்சிடுச்சு. ரூபினி ஸ்கூல்லயா?" என்று கேட்டுக்கொண்டே நேராக நடு அறைக்கு வந்தார். அக்கா மானிட்டரை அணைத்துவிட்டாள். மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் இரைந்துகொண்டே இருந்தது.

"வாங்க மாப்ள" என்றாள். எழுந்திருக்கவில்லை. 

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிஸியா அக்கா? நம்ம கல்யாணத்த நீங்களே மிக்ஸிங் பண்ணிடுங்க. என்னைக் கொஞ்சம் கலரா காட்டுங்க, போதும்."

"காட்டிடலாம்."

அவர் கை மேஜைமேல் இருந்த உறையை எடுத்தது. சும்மாதான் எடுத்தார். அதன்மேல் அக்காவின் குண்டு எழுத்தில், பச்சைமுத்து, ஆனேக்கல் என்று ஒட்டியிருந்தது. அவர் அதைப் படித்ததை நான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அந்தக் காகிதத்திலேயே ரொம்ப நேரம் நின்றது.

"இந்தப் பழைய டிஸ்க்கெல்லாம் எதுக்கு அக்கா இன்னும் வெச்சிருக்காங்க?" உறையைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் பார்ப்பதுபோலத் தூக்கி, மெதுவாக வளைத்தார். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. பட்டென்று உடைந்தது.

"அய்யோ, இவ்ளோ வீக்கா இருக்கே. ஸாரி அக்கா."

பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதை எடுத்து உடைத்தார். இந்தத் தடவை ஸாரி சொல்லவில்லை.

துண்டுகளை உறைக்குள் போட்டு, மூடி, மேஜை ஓரத்துக்கு நேராக வைத்தார். "டிரைவ்ல மாட்டி உடைஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பயந்த ஜனம்."

வெளியே போய் உட்கார்ந்து நிதானமாக ஷூ லேஸ் கட்டினார். வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டியது.

"காப்பி ஆயிடுச்சான்னு அவன் கேக்கவே இல்ல" என்றாள் அக்கா.  "ஒடச்சா போயிடும்னு நெனச்சிட்டான். கம்ப்யூட்டர்ல எல்லாம் கீது." பிறகுதான் அடுத்தது அவளுக்கு உறைத்தது. "ஐயோ, அந்தப் பேர நான்தானே எழுதி ஒட்டினேன். அவங்கதான் குடுத்தாங்கன்னு படிச்சிட்டுப் போறான்."

பச்சைமுத்துவின் நம்பருக்கு ஆறு தடவை அடித்தோம். எடுக்கவில்லை. மதியம் ரூபினி வந்தாள். பத்திரிகையைப் பிரித்து, புது மையின் வாசனையை மோந்து பார்த்து, தன் பெயரின் மேல் விரலை ஓட்டினாள். அக்கா அவளுக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. ரூபினி சிநேகிதி அன்னாவோடு பிளவுஸ் அளவு கொடுக்கப் போனதும் பச்சைமுத்து எழுதிக் கொடுத்திருந்த விலாசத்தோடு நாங்கள் ஆனேக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். ஹெல்மெட் போட்ட ஒவ்வொரு ஆளையும் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது என் முழங்கையை விடவே இல்லை. அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது தன் கையெழுத்தால்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கதவு ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தது. சங்கிலிக்குப் பின்னால் ஒரு பெண். வீடியோவில் பார்த்த மணப்பெண், பன்னிரண்டு வருஷம் கூடியவள். பெயர் வீணா என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"டிஸ்க் காப்பி பண்றவம்மா நான்" என்றாள் அக்கா. 

பச்சைமுத்து வந்து உள்ளே அழைத்தார். தெரியாத நம்பர் என்றால் அந்த வீட்டில் யாரும் போன் எடுப்பதில்லையாம். நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"எங்க பேர இழுக்காதம்மா. போலீசு கீலீசு பேடா, வேணாம். நாங்க எப்படியோ இருந்துட்டுப் போறோம்."

வீணா அக்காவைப் பார்த்தாள். "அவர் கட்டிக்கப்போற பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி. நான்தான் வளத்தேன்."

"அஞ்சு மாசம் இருந்தேன் அவர்கூட" என்றாள் வீணா. பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே குரலில் சொன்னாள். "ஆபீஸ் போறப்போ வெளிய பூட்டிட்டுப் போவாரு. போன வாங்கி வெச்சுக்கினாரு. சத்தமே போட மாட்டாரு. அதான் யாருக்கும் தெரியல. இந்தக் கை ஒடஞ்சது. கட்டுப் பிரிக்கறதுக்குள்ள இன்னொரு வாட்டி ஒடஞ்சது. தம்பிதான் வந்து கூட்டிட்டு வந்தான்."

"டைவர்ஸ்?" என்று கேட்டேன்.

"இல்ல. கோர்ட்டுன்னா அவர் எதிர்ல நிக்கணும். அதுக்குப் பயந்தே பன்னெண்டு வருஷம் போச்சு."

 பச்சைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது அக்கா, "உங்க வீடியோவ நான் யாருக்கும் காட்ட மாட்டேம்மா. அது என் வழக்கமில்ல" என்றாள்.  அதைக் காட்டாமல் ரூபினியிடம் வேறு எதை வைத்துப் பேசுவது? ஆனால் அக்கா அப்படித்தான் நம்பிச் சொன்னாள்.

வீணா சங்கிலியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "காட்டுங்க" என்றாள். அவள் அப்பா நிமிர்ந்தார். "உங்க தங்கச்சிக்குக் காட்டுங்க. என் மொகமும் தெரியும், பரவால்ல. காட்டிட்டு அப்பறமா அவர வெட்டுங்க." சொல்லிவிட்டு உடனே கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. ஒரே தடவையில் மாட்ட முடியவில்லை அவளால்.

நாங்கள் திரும்பியபோது மணி மூன்றரை. ரூபினி பிளவுஸ் துணி மீதியை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா நின்றுகொண்டே, ஒரே மூச்சில், எல்லாவற்றையும் சொன்னாள். கை, காது, உடைந்த டிஸ்க், ஆனேக்கல். உறையைத் திறந்து துண்டுகளைக் காட்டினாள்.

ரூபினி முதலில் சிரித்தாள். "டிஸ்க் தெரியாம ஒடைஞ்சிருக்கும். காத வெச்சு ஆளக் கண்டுபிடிப்பியா நீ?" பிறகு சிரிப்பு நின்றது. "உனக்கு ஆகல. எனக்கும் ஆகக் கூடாது, அதானே?"

வந்துவிட்டது. அக்காவின் முகத்தை நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது பின்வாங்குவாள் என்று. மானிட்டரைப் போட்டாள். "திட்டிக்க. எவ்ளோ வேணா திட்டிக்க. இத ஒரு வாட்டி பாத்துட்டுத் திட்டு."

ரூபினி நின்றபடியே பார்த்தாள். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு ஒரு பையன் ஆடினான். கூட்டம் கை தட்டியது. மாப்பிள்ளை பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தான். ரூபினி தன் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டதை அவளே கவனித்திருக்க மாட்டாள்.

"இது அவர் இல்ல" என்றாள். "பழைய வீடியோ. பவுடர் வேற. நானே கேட்டுடறேன். சும்னே ஒரு மனுஷன் மேல பழி போடாதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"சொல்லும்மா. பத்திரிகை பாத்தியா? பிடிச்சிருக்கா?"

"வீணா யாரு?"

அந்தப் பக்கம் யாரோ டிரைவர்களின் பேச்சு, ஒரு கார்க்கதவு சாத்தும் சத்தம். பிறகு அவர் எங்கோ நடந்து தள்ளிப் போகிறார் என்று தெரிந்தது. சத்தங்கள் குறைந்தன. மூச்சு மட்டும் கேட்டது.

ரூபினி காத்திருந்தாள். யார் என்று கேட்பார், அப்படி யாரையும் தெரியாது என்று சொல்வார். அந்தப் பதிலுக்காக அவள் தன் முகத்தை முழுக்கத் திறந்து வைத்திருந்ததுபோல இருந்தது.

"அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்றார். அதே மெதுவான குரல். அதே மரியாதை.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"நான்தான் ரெண்டையும் ஒடச்சிட்டேனே" என்றார் அவர், தனக்குத்தானே கணக்குப் பார்ப்பதுபோல. பிறகு, "எத்தனை காப்பி இருக்கு?"

ரூபினி போனை அணைத்தாள். அணைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். உடனே திரும்ப அடித்தது. மூவரும் அது அடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுபடி அடித்தது. நான் எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன். வெயில் இன்னும் தெருவில் இருந்தது, எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ரூபினி மேஜைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. 

"அக்கா, இன்னும் மூணு போடு."

"எதுக்குடி மூணு?"

"ஒண்ணு சம்பந்தம் பேசி முடிச்ச அவர் மாமாவுக்கு. ஒண்ணு ஸ்டேஷனுக்கு, நாளைக்குக் காலையில நம்ம மூணு பேரும் போறோம். வீணா பேரச் சொல்றதுக்கு முன்னாடி அவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கலாம். ஒண்ணு..." நிறுத்தினாள். "ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். எனக்கே மனசு மாறினா பாக்கறதுக்கு."

அக்கா டிராயரைத் திறந்து பென் டிரைவ்களை எடுத்தாள்.  முனை துளைக்குள் போகாமல் உலோகத்தில் உரசிக்கொண்டே இருந்தது. ரூபினி அதை வாங்கி, திருப்பி, செருகினாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகரத் தொடங்கியது.

தெருவில் ஒரு பைக் வந்து வேகம் குறைந்தது. அக்கா என் தோளைப் பற்றினாள். பைக் எங்கள் கேட்டைத் தாண்டி, அடுத்த வீட்டு வாசலில் நின்றது. யாரோ இறங்கி உரக்கக் கன்னடத்தில் யாரையோ கூப்பிட்டார்கள்.

நாங்கள் மூவரும் திரும்பவும் திரையைப் பார்த்தோம். கோடு கால்பங்குகூட வந்திருக்கவில்லை.